உங்கள் ரிப்போட் எங்கே, தம்பி?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் அக்காவின் மகனும் அவனுடைய மனைவியும் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேநீர் குடித்து முடியும்வரை நாட்டு நடப்புகளைப் பேசிக்கொண்டிருந்தோம். அதன்பிறகு மருமகன் பையைத் திறந்து தடித்த பைல் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தான்.

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல டொக்டர் ஆரும் இருக்கினமோ? இவவுக்கு மூண்டுதரம் ஐ.யு.ஐ. செய்தும் சரிவரேல்லை."

பத்திரிகைக்காரனுக்கு எல்லாத் துறையிலும் ஆள் தெரியும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. நான் பைலைப் புரட்டினேன். இரத்தப் பரிசோதனைகள், ஓமோன் அளவுகள், ஸ்கேன் படங்கள், கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்ப்பதற்குச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, மருந்துச் சிட்டைகள், பற்றுச்சீட்டுகள். ஏறத்தாழ எழுபது தாள்கள். அத்தனையிலும் அந்தப் பிள்ளையின் பெயரே இருந்தது.

"உன்ர ரிப்போட் எங்கை தம்பி?" என்று கேட்டேன்.

"என்ரையோ? அது ஓகே எண்டுதான் சொன்னவை. கடைசியிலை கிடக்கும் மாமா."

கடைசியில்தான் கிடந்தது. நான்காக மடிக்கப்பட்ட ஒற்றைத் தாள். விந்தின் அளவு 2 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 9 மில்லியன் விந்தணுக்கள். அவற்றுள் முன்னோக்கி நீந்துபவை 15 சதவீதம். பரிசோதனை செய்யப்பட்ட திகதி முதலாவது சிகிச்சைக்குப் பத்து நாட்கள் முந்தியது. அதன்பின் அது மீண்டும் செய்யப்படவேயில்லை.

தாளை அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன். அவள் அதை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை மாமா."

இருவரின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். எந்த வைத்தியசாலை, எந்த வைத்தியர் என்பவை இங்கே அவசியமில்லை. இது ஓர் இடத்தில் மாத்திரம் நடக்கும் சங்கதியும் அன்று. நான் வைத்தியனல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்த எண்களை வாசிக்க எனக்குத் தெரியும். தெரிந்த விதத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகூடச் செய்துவிடும். 2 மில்லிலீற்றரை 9 மில்லியனால் பெருக்கினால் மொத்தம் 18 மில்லியன். அதில் 15 சதவீதம் 2.7 மில்லியன். முன்னேறி நீந்தும் விந்தணுக்களின் மொத்த எண்ணிக்கை அவ்வளவுதான். கருப்பையினுள் செலுத்துவதற்கு முன்னர் விந்தை ஆய்வுகூடத்தில் கழுவிச் சுத்திகரிப்பார்கள். அதில் இன்னும் ஒரு பகுதி குறைந்துபோகும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, ஐ.யு.ஐ. என்பது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவில் புறப்படும் பஸ் விடியற்காலையில் நம்மை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இறக்கிவிடும். அங்கிருந்து ஒழுங்கைக்குள் நடந்து, லிப்ட் வேலை செய்யாத தொடர்மாடியில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறுவது நம்முடைய பொறுப்பு. ஐ.யு.ஐ. அந்த பஸ்ஸைப் போன்றது. மெல்லிய குழாய் ஒன்றின் மூலம் விந்தணுக்களைக் கருப்பையின் கழுத்தைத் தாண்டி உள்ளே இறக்கிவிடுகிறது. அதன்பின் கருக்குழாய் வரை நீந்திச் செல்வதையும், முட்டையைக் கண்டடைந்து துளைத்து உட்புகுவதையும் விந்தணுவே தன் பலத்தில் செய்தாகவேண்டும். புறப்படும் கூட்டம் மிகச் சிறியதாக இருந்தால் ஒன்றாவது போய்ச் சேரும் வாய்ப்பும் சிறியதாகிவிடும்.

எனவே மில்லிலீற்றருக்கு எத்தனை என்ற எண்ணிக்கை மாத்திரம் போதாது. அளவு, எண்ணிக்கை, அசைவு ஆகிய மூன்றையும் பெருக்கிவரும் தொகையைத்தான் பார்க்கவேண்டும். கழுவுவதற்கு முன்னர் அந்தத் தொகை ஏறத்தாழ 10 மில்லியனுக்கு மேல் இருந்தால் ஐ.யு.ஐ. செய்து பார்ப்பதில் நியாயம் உண்டு என்பது பல நிபுணர்கள் நீண்டகாலமாகக் கைக்கொள்ளும் அளவுகோல். அமெரிக்காவில் 90,000 சிகிச்சைச் சுழற்சிகளுக்கு மேல் ஆராய்ந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்று இன்னும் தெளிவான படத்தைத் தந்தது. கழுவிய பின்னரும் அசையும் விந்தணுக்கள் 9 மில்லியனோ அதற்கு மேலோ இருந்தபோது, ஒரு சுழற்சியில் கருத்தரித்தோர் சுமார் 17 சதவீதம். அதற்குக் கீழே இறங்க இறங்க வாய்ப்பும் படிப்படியாக இறங்கியது. கால் மில்லியனுக்குக் கீழே போனபோது கருத்தரிப்பு மிக அரிதாகிவிட்டது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. மிக நல்ல எண்ணிக்கையோடு செய்தாலும் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் ஒரு தடவையில் பலன் கிட்டுகிறது என்பது முதலாவது. ஆகவே ஒருமுறை தவறிவிட்டால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எண்ணிக்கை குறைவு என்றால் வாய்ப்பு உடனே பூச்சியமாகிவிடுவதில்லை என்பது இரண்டாவது. அது ஒரு சரிவு. அந்தச் சரிவில் தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் அறிந்துகொள்ளும் உரிமை தம்பதியர் இருவருக்கும் உண்டு.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகளையும் இப்படியே விளங்கிக்கொள்ள வேண்டும். 2021-இல் வெளியான அதன் கைநூலின் ஆறாம் பதிப்பு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், மொத்தமாக 39 மில்லியன், முன்னேறி நீந்துபவை 30 சதவீதம் என்று கீழெல்லைகளைக் குறிப்பிடுகிறது. ஓராண்டுக்குள் தந்தையாகும் நிலையை எட்டிய ஆண்களை வரிசைப்படுத்தி, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அங்கே போடப்பட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே இருப்பவர் எல்லோரும் மலடரும் அல்லர். மேலே இருப்பவர் எல்லோருக்கும் உத்தரவாதமும் இல்லை. மனைவியின் வயது, கருக்குழாய்களின் நிலை, முட்டை வெளியாகும் நேரம் எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. அதிலும் பெண்ணின் வயது முப்பத்தைந்தைக் கடந்தபின் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் வருகிறது.

ஐ.யு.ஐ. வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வைத்திய உலகிலேயே இதுபற்றி வாதங்கள் உண்டு. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2013-இல், காரணம் தெரியாத குழந்தையின்மைக்கும் விந்தணுக் குறைபாடு இலேசாக உள்ளவர்களுக்கும் இதை வழக்கமான சிகிச்சையாக வழங்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆனால் நியூசிலாந்தில் காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள தம்பதியரிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. மாத்திரையோடு மூன்று தடவை ஐ.யு.ஐ. செய்தவர்களில் 31 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 9 சதவீதத்தினருக்கே அந்தப் பேறு கிடைத்தது. பொருத்தமானவர்களுக்குச் செய்தால் பலனுள்ள, ஒப்பீட்டளவில் செலவும் சிரமமும் குறைந்த சிகிச்சை இது. பொருத்தமானவர்தானா என்று சொல்வதில் கணவனின் அந்த ஒற்றைத் தாளுக்குப் பெரும் பங்குண்டு.

அப்படியிருந்தும் அந்தத் தாள் ஏன் எப்போதும் கடைசியில் கிடக்கிறது?

இனி என் கதையைச் சொல்லவேண்டும்.

எங்களுக்கு 1998-இல் திருமணமானது. எனக்கு வயது 31, மனைவிக்கு 30. யுத்தத்தினால் கல்யாணங்கள் எல்லாம் பிந்திப்போன காலம். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியில் ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். இரண்டு வருடங்கள் கழிந்ததும் ஊரிலிருந்து கடிதங்கள் வரத்தொடங்கின. மனைவி வைத்தியரிடம் போனார். தனியாகத்தான் போனார். எனக்கு இரவு வேலை, பகலில் உறக்கம் என்பது சாட்டு. வயிற்றில் துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைவரை அவருக்குச் செய்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும், வெள்ளிக்கிழமைகளில் பொன்னம்பலவாணேசரிடமும் போனார். கசாயம் குடித்தார். விரதம் பிடித்தார். ஒவ்வொரு முறையும் வைத்தியர் "அவரையும் ஒருக்கா வரச்சொல்லுங்கோ" என்று சொல்லியனுப்புவார். ஒவ்வொரு முறையும் நான் மறுத்தேன்.

மறுத்ததற்கு நான் சொன்ன காரணம், எனக்கு ஒரு குறையும் இல்லை என்பது. எப்படித் தெரியும் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திராது. பல்கலைக்கழகத்தில் படித்தவன், ஆண்டுதோறும் மார்ச் 8-ஆம் திகதி மகளிர் தினச் சிறப்புப் பக்கத்தைத் தயாரித்தவன், பெண்ணடிமைத்தனம் பற்றித் தலையங்கம் எழுதியவன், ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பிக்குப் பயந்து ஐந்து வருடங்கள் ஒளிந்து திரிந்தேன். 2003-இல் கடைசியாகப் பரிசோதித்தபோது மில்லிலீற்றருக்கு 4 மில்லியன் என்று வந்தது. மனைவிக்கு அப்போது வயது 35. என்னுடைய நிலைக்கு ஐ.யு.ஐ. பொருந்தாது என்றார்கள். சென்னைக்குப் போய், விந்தணு ஒன்றை எடுத்து நேரடியாக முட்டையினுள் செலுத்தும் இக்சி முறையை இரண்டு தடவை செய்து பார்த்தோம். கைகூடவில்லை.

இக்சி 1992-இலேயே உலகுக்கு வந்துவிட்டது. சென்னையில் டொக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தது 1990-இல். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணத்தில் வழி இருந்தது. முப்பது வயதில் போயிருந்தால் பிள்ளை கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்த ஐந்து வருடங்களும் என்னுடையவையல்ல. அவருடையவை.

இது என் தனிப்பட்ட கோழைத்தனம் மாத்திரம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். நமது சமூகம் ஆண்மை வேறு, விந்தணுக்களின் எண்ணிக்கை வேறு என்பதைப் பிரித்தறிவதேயில்லை. தாம்பத்தியத்தில் ஒரு குறையுமில்லாத, ஆறடி உயரமான ஆரோக்கியசாலியின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். விந்தின் அளவையும் தடிப்பையும் பார்த்து எதையும் சொல்ல முடியாது, நுணுக்குக்காட்டிதான் சொல்லவேண்டும். ஆனால் நமது மொழியைப் பாருங்கள். "மலடி" என்ற சொல் எந்தக் கல்யாண வீட்டிலும் காதில் விழும். "மலடன்" என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அகராதியில் இருக்கிறது. வாயில் இல்லை.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. "ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்" என்ற விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துக் கட்டிய கைகளில் என்னுடையதும் ஒன்று. பணம் தரும் விளம்பரம், வெட்ட முடியாது. அந்த விளம்பரங்கள் பயத்தையும் வெட்கத்தையும் விற்றன. இரகசியம் காக்கப்படும் என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். விந்துப் பரிசோதனை என்ற சொல்லை நாங்கள் செய்திப் பக்கத்தில் எத்தனை முறை அச்சிட்டோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையை எதிர்கொள்கிறார். அத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் காரணமும் இருக்கிறது. பாதிக் காரணம் ஆணிடம், முழுப் பரிசோதனையும் பெண்ணிடம் என்றால் அதில் என்ன நியாயம்?

இத்தனைக்கும் எல்லாப் பரிசோதனைகளிலும் இலகுவானதும் மலிவானதும் இதுதான். ஊசியில்லை, மயக்க மருந்தில்லை, வலியில்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள்வரை விலகியிருந்து மாதிரி கொடுக்கவேண்டும். அது ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். முடிவு குறைவாக வந்தால் மறுபடியும் செய்யவேண்டும். ஏனெனில் இந்த எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுமையான காய்ச்சலின் விளைவு இன்றைய ரிப்போட்டில் தெரியலாம். இன்று நிறுத்திய சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மாத விடுமுறையில் கொழும்புக்கு வந்து, வந்த வாரமே கிளினிக்குக்குப் போய், போகும் முன் ஐ.யு.ஐ. செய்துவிட வேண்டும் என்று அவசரப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். பரிசோதனையை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகச் செய்துகொண்டு வாருங்கள். திருத்தக்கூடிய காரணம் ஏதும் இருந்தால் அதற்குக் காலம் கிடைக்கும். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருக்கலாம். ஓமோன் குறைபாடு இருக்கலாம். பருவ வயதுக்குப் பின் வந்த கூகைக்கட்டு விதைகளைப் பாதித்திருக்கலாம். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் உடலைக் கட்டியெழுப்ப ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அறவே நிறுத்திவிடக்கூடும். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பி ஏற்றுவது தந்தையாகும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. பெரும்பாலும் நிறுத்தினால் மீளும். ஆனால் மாதங்கள் பல செல்லும்.

அன்று மாலை மருமகனுக்கும் அவன் மனைவிக்கும் நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் மூன்று. அடுத்த முறை வைத்தியரைச் சந்திக்கும்போது இருவரும் சேர்ந்து போய்க் கேட்கவேண்டும் என்றேன். முதலாவது: அசையும் விந்தணுக்களின் மொத்தத் தொகை எவ்வளவு, கழுவிய பின் எவ்வளவு? இரண்டாவது: இந்தத் தொகைக்கும் இந்த வயதுக்கும் ஒரு தடவையில் வாய்ப்பு எவ்வளவு? மூன்றாவது: எத்தனை தடவைக்குப் பின் இதை நிறுத்தி வேறு வழி பார்ப்பது? ஐ.யு.ஐ. மூலம் கருத்தரிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் மூன்று நான்கு தடவைகளிலேயே அது நிகழ்ந்துவிடுகிறது. ஏழாவது, எட்டாவது என்று போய்க்கொண்டிருப்பதில் வைத்தியசாலைக்கு வருமானம் உண்டு. பெண்ணின் வயதுக்கு நட்டம்.

கேள்வி கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர்கள் கேள்வியை விரும்புவார்கள். பதில் சொல்ல நேரமில்லாதவரிடம் நாமும் நேரத்தைச் செலவழிக்கவேண்டியதில்லை.

மருமகன் மறுவாரமே மீண்டும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னான். முடிவு எப்படி வந்தாலும் இம்முறை இருவரும் சேர்ந்தே வாசிப்பார்கள். அக்காவுக்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை. தன் பிள்ளையைப் போய்ச் சந்தேகித்துவிட்டேனாம். அவருக்கு விளங்கவைப்பது இந்தக் கட்டுரையை எழுதுவதைவிடக் கடினம்.

இதைப் பதிவேற்றுவதற்கு முன் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் சம்மதிக்காவிட்டால் அழித்துவிடும் எண்ணத்துடன்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். நான் எங்கள் கதையில் நான்கு வருடங்கள் என்று எழுதியிருந்தேன்.

"நாலில்லை, அஞ்சு" என்றார். "மற்றதெல்லாம் சரி. போடுங்கோ."

திருத்திவிட்டேன்.